ஆற்றங்கரையில் நிலம் இருந்தால் தண்ணீர் நம்முடையதா?

கேள்வி: சோழவந்தான் பக்கம் வைகைக் கரையை ஒட்டி எனக்கு ரெண்டு ஏக்கர். பாதி தென்னை, பாதி வெற்றிலைக் கொடிக்கால். கோடையில் கிணறு வற்றியதால் ஆற்றுமணலில் குழி தோண்டி ஆயில் இன்ஜின் போட்டேன். அதிகாரிகள் வந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் வயலை ஒட்டி ஓடுகிற தண்ணீரில் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: கொடிக்காலைக் காயப்போட முடியாது, உங்கள் தவிப்பு புரிகிறது ஐயா. ஆனால் உரிமையா என்று கேட்டால், இல்லை. ஆறு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசே சொந்தக்காரர் கிடையாது, மக்களுக்காகக் காத்து நிற்கும் பொறுப்பாளர்தான் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் ஆற்றில் இன்ஜின் வைக்கக்கூடாது.

சட்டத்தை விடுங்கள். கோடையில் வைகை காய்ந்து கிடக்கிற மாதிரி தெரிந்தாலும் மணலுக்கு அடியில் ஊற்று இருக்கிறது, ஊர்களுக்குக் குடிநீர் தரும் உறைகிணறுகளும் அதே மணலில்தான் நிற்கின்றன. நீங்கள் ஒருத்தர் எடுத்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துவிட்டு தன் குழாயை ரெண்டடி கூடுதலாக இறக்குவார், அதற்கடுத்தவர் மூன்றடி இறக்குவார், கடைசியில் இன்ஜினே இல்லாத வீட்டுப் பெண்கள் குடத்தோடு தெருவில் நிற்பார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்போது எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். வைகை அணையிலிருந்து பெரியாறு கால்வாயில் இருபோகப் பாசனத்துக்கு (வருடம் ரெண்டு சாகுபடி) தண்ணீர் திறப்பார்கள், அது 45,041 ஏக்கர். வழக்கமாக 120 நாள் திறப்பில் முதல் 45 நாள் தொடர்ச்சியாகவும் பிறகு 75 நாள் முறை வைத்தும் (சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி) விடுவார்கள். உங்கள் நிலம் ஆயக்கட்டில் (அந்தக் கால்வாயின் பாசன எல்லைக்குள்) இருந்தால் அந்த நாட்களில் மடை வழியாக வருகிற பங்கை வாங்குங்கள். வாய்க்கால் ஓடும்போது சுற்றுவட்டக் கிணறுகளும் ஊறும், அப்போது கிணற்றைத் தூர்வாரி வைத்திருந்தால் கோடையில் கொஞ்சமாவது கை கொடுக்கும். மழைக்காலத்துக்கு ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக்கொள்ளுங்கள். தென்னைக்கு இன்னும் வாய்க்கால் பாய்ச்சல்தான் என்றால் முதலில் அதைச் சொட்டுநீருக்கு மாற்றுங்கள், மிச்சமாகிற தண்ணீர் கொடிக்காலுக்குப் போகட்டும். ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: நான் மதுரையில் இருக்கிறேன். மாமனாருக்கு வருசநாடு மலையடிவாரத்தில் நிலம். காட்டு ஓடையில் ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் தம்பி. மூல வைகை பிறக்கிற மலை அது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. உங்கள் ஓடை அதற்குள் வந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி ஓடையைத் திருப்புவதோ நிறுத்துவதோ தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் குற்றம். காட்டுயிர் நலனுக்குத் தேவை என்றால்தான் அந்த அனுமதியே கிடைக்கும், தோட்டத்துக்கு என்று கேட்டால் கிடைக்காது.

கோடையில் அந்த ஓடைகளைப் போய்ப் பாருங்கள். பாறை இடுக்கில் விரல் கனத்துக்குக் கசிந்து, கீழே ஒரு சின்னக் குழியில் தேங்கும். அதன் ஓரத்து ஈரமண்ணில் குளம்புத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். ஒரு ரெண்டு இஞ்ச் ஹோஸ் போதும், அந்தக் குழி முழுவதும் தோட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் காட்டுமாடும் மானும் தண்ணீர் தேடி உங்கள் மாமனார் தோட்டத்துக்குத்தான் இறங்கும். அங்கே குறைகிற ஒவ்வொரு குடமும் இங்கே மதுரையில் நாம் குடிக்கிற வைகையில் குறைகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையைச் சொந்த நிலத்திலேயே குட்டையில் பிடித்து வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் வனநில எல்லைச் சிக்கல் நிறைய உண்டு, நிலம் பட்டா நிலம்தான் என்று உறுதியானபிறகு வேலையை ஆரம்பியுங்கள்.