அமெரிக்க அதிபர் தேர்தல்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒஹையோவில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். தேர்தல் கணக்கு பார்ப்பது என் பைத்தியம். கேட்பதற்கு முன் ஒன்று: நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பைக் காட்டி யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சுரேஷ்: பிரைமரியில் அதிக ஓட்டு வாங்கினால் கட்சி வேட்பாளர் ஆகிவிடலாம்தானே சார்?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். பிரைமரி என்பது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் ஓட்டெடுப்பு. அதில் எண்ண வேண்டியது டெலிகேட்டுகளை. கட்சி மாநாட்டில் கை தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

2008 பிப்ரவரி 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஓட்டு. நியூஜெர்சியில் ஹிலாரி கிளிண்டன் ஒபாமாவை ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். டெலிகேட் கணக்கில் 59க்கு 48, அதாவது 11 லாபம். அதே நாளில் ஐடஹோவில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்களே சுமார் 21,000 பேர்தான். ஐந்தில் நான்கு பேர் ஒபாமா பக்கம். டெலிகேட் 15க்கு 3, லாபம் 12! உருளைக்கிழங்குக்குப் பேர்போன, பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி எட்டிக்கூடப் பார்க்காத மாநிலம், நியூஜெர்சியை ஈடுகட்டிவிட்டது. ஒபாமாவின் ஆட்கள் அங்கே முன்கூட்டியே அலுவலகம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு விகிதப்படி பங்கு. அதனால் பெரிய மாநிலத்தில் ஜெயித்தாலும் எதிராளிக்கும் அள்ளிக் கொடுத்தாக வேண்டும். குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் கதை வேறு. 2016இல் தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுகூட இல்லை. டெலிகேட் 50ம் அவருக்கே.

மீனா: காக்கஸ் என்பது?

பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கட்சிக்காரர்கள் கூடி, பேசி, முடிவு செய்யும் கூட்டம். இரவு வேலைக்குப் போகிறவருக்குத் தோதுப்படாது. அதனாலேயே குறைந்துகொண்டு வருகிறது.

நசீர்: கமலா ஹாரிஸ் 2024இல் ஒரு பிரைமரியிலும் நிற்கவில்லையே, எப்படி அண்ணா?

பிரைமரிகளில் ஜெயித்தவர் பைடன். ஜூலை 21இல் அவர் விலகியதும் அவருடைய டெலிகேட்டுகள் கட்டவிழ்ந்துவிட்டார்கள். அவர்கள் கமலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். விதிமீறல் எதுவும் இல்லை. 1968இல் அதே கட்சியின் ஹம்ப்ரி, அப்போதைய துணை அதிபர், ஒரு பிரைமரியிலும் இறங்காமலே வேட்பாளர் ஆனார். அப்போது சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். அந்த அசிங்கத்துக்கு அப்புறம்தான் கட்சி விதிகளை மாற்றியது, பிரைமரிகள் பெருகின.

நசீர்: துளசேந்திரபுரத்தில் பூஜையெல்லாம் செய்தார்களே?

தாத்தா ஊர், பாசம். எலெக்டோரல் ஓட்டுதான் இல்லை. (அதிபரைத் தேர்ந்தெடுப்பது அந்த ஓட்டுதான். மாநிலத்துக்கு இத்தனை எலெக்டர்கள் என்று உண்டு; பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே அத்தனை பேரும். மொத்தம் 538, ஜெயிக்க 270.)

கார்த்தி: என் ஆள் நாடு முழுக்க 3 புள்ளி முன்னிலையில் இருந்தால் ஜெயித்தாரா?

முதல் பத்தி.

குமரேசன்: 2016இல் ஹிலாரிக்கு ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம். ஆனாலும் தோல்வி. இது அநியாயம் இல்லையா?

வலிக்கத்தான் செய்யும். ஆனால் கலிபோர்னியாவில் மட்டும் அவருக்கு 42 லட்சத்துக்கு மேல் முன்னிலை. அங்கே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 55 எலெக்டர்கள்தான். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000க்கும் குறைவான வித்தியாசத்தில் கோட்டை விட்டார். கட்சி வேட்பாளரான பிறகு விஸ்கான்சினில் கால் வைக்கவே இல்லை.

குமரேசன்: இந்த எலெக்டர் ஏற்பாடு இல்லாவிட்டால் சின்ன மாநிலங்களை யார் மதிப்பார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார்...

அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வயோமிங்கில் ஏறக்குறைய 1.9 லட்சம் பேருக்கு ஒரு எலெக்டர், கலிபோர்னியாவில் 7 லட்சத்துக்கும் மேல். சலுகை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி மாதத்தில் எந்த வேட்பாளர் வயோமிங்குக்குப் போகிறார்? மதிப்பு சிறிய மாநிலத்துக்கு இல்லை ஐயா, இழுபறி மாநிலத்துக்கு. 2012இல் எங்கள் ஒஹையோ இழுபறி. வீட்டுப் போன் ஓயாது, தபால் பெட்டி முழுக்கத் துண்டறிக்கை, வாரம் ஒரு தலைவர். இப்போது குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தாயிற்று, சீந்துவாரில்லை. ஜனத்தொகை அப்படியே இருக்கிறது, மரியாதைதான் போய்விட்டது.

குமரேசன்: அப்போது ஹிலாரிதான் உண்மையான வெற்றியாளர் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மொத்த ஓட்டுதான் கணக்கு என்றிருந்தால் டிரம்பும் கலிபோர்னியாவில் ஓட்டு வேட்டையாடியிருப்பார். கபடி ஆடி முடித்துவிட்டு கோ-கோ விதிப்படி தீர்ப்புக் கேட்கக் கூடாது. விதி மாற வேண்டும் என்று வாதாடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். முடிவை மாற்றாதீர்கள்.

பிரியா: எச்1பி விசா என்ன ஆகும்?

குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

செல்வம்: 269க்கு 269 என்று வந்தால்?

270 யாருக்கும் இல்லையென்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். மாநிலத்துக்கு ஒரே ஓட்டு: 52 உறுப்பினர் கொண்ட கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒற்றை உறுப்பினர் கொண்ட வயோமிங்குக்கும் ஒன்று. 26 வேண்டும். 1824இல் அதிபர் பதவிக்கு நான்கு பேர் மோதியதில் ஜாக்சனுக்கு 99 எலெக்டர்கள், ஆடம்ஸுக்கு 84; யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஜாக்சன் நாலு வருடம் கறுவிக்கொண்டிருந்து, 1828இல் ஆடம்ஸைத் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பாலாஜி: ஐயா, நாடு முழுக்க எடுத்த புதுக் கணிப்பு ஒன்று வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

பார்க்கவில்லை.