பத்து நிமிடத்தில் நின்றுபோகும் புல்வெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு முன்புறம் நான்கு சென்ட் கிக்குயு புல்தரை. எங்கள் 1600 வாட் மின்சாரப் புல்வெட்டி பத்து நிமிடம் ஓடித் தானாக நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து மறுபடி ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று திருப்பித் தருகிறார்கள். மோட்டார் போய்விட்டதா?
– வாசகி, குன்னூர்

பதில்: ஆறியதும் ஓடுவதால், மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் உள்ளே இருக்கிறது, நிறுத்துவது அதுதான். சர்வீஸ் சென்டரில் புல் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதால் அங்கே சூடு ஏறுவதில்லை. அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சுருள் கருகிவிடும்.

முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாருங்கள். 1600 வாட் என்றால் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மி.மீ. ஒயரை 30 மீட்டர் நீட்டினால் அதிலேயே ஏறக்குறைய 11 வோல்ட் போய்விடும். புல்லில் திணறும்போது இன்னும் போகும். வேகம் குறைந்தால் மோட்டாரின் விசிறிக் காற்றும் குறைந்து சூடு ஏறும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இழப்பு மூன்றரை வோல்ட்தான். மூன்று கோர் ஒயராக, 16 ஆம்பியர் பிளக்கோடு வாங்குங்கள். ரீலில் பாதியைச் சுற்றியபடி விட்டால் ஒயரே சூடாகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். புல்வெட்டி ஓடும்போது ஒயரின் கடைசி முனையில் எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்று எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 207-க்குக் கீழே இருந்தால் வெட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது புல். கிக்குயுவின் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து மெத்தை கட்டும். சக்கரம் அதில் அமிழ்வதால், 4 செ.மீ. உயரம் வைத்தாலும் பிளேடு மெத்தைக்குள்தான் அறுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் வளர்ந்ததை ஒரே மூச்சில் வெட்டக் கூடாது. மிக உயரமான நிலையில் ஒருமுறை, சில நாள் கழித்து ஒரு படி இறக்கி மறுமுறை. ஒவ்வொரு ஓட்டத்திலும் பிளேடின் பாதி அகலம் மட்டும் புல்லில் படட்டும். பனி காயாமல் வெட்டவே வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரப்புல் பசைபோல் ஒட்டிக் காய்ந்திருக்கும். மரச்சில்லால் சுரண்டுங்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிளேடைக் கழற்றி இரு முனையையும் ஒரே அளவு அரத்தால் தீட்டி, நடுத்துளையை ஆணியில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். சமன் இல்லாத பிளேடு அதிர்ந்து பேரிங்கைக் கெடுக்கும்.

கேள்வி: சுவிட்ச் போட்டால் ‘ம்ம்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பிளேடைத் தள்ளிவிட்டால் சுற்றுகிறது.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தயவுசெய்து இனி தள்ளிவிடாதீர்கள், விரல் போய்விடும்! மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கிறது. அதன்மேல் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் புதியது போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் எலெக்ட்ரீஷியன்தான் கழற்ற வேண்டும். அவர் வரும்போதே, வெளிப்புற பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்திய பிறகே ஈரத் தரையில் புல்வெட்டியை இறக்குங்கள்.