கூடையின் அட்டையில் எழுதாத கணக்கு

அன்புள்ள சார்,

கைத்தொழில்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறேன். போன மாதம் இங்கே ஒரு கடையில் ருவாண்டா நாட்டுக் கூடை ஒன்று வாங்கினேன். தட்டு மாதிரி அகலமாக, கறுப்பும் வெள்ளையும் சுழன்று போகிற வேலைப்பாடு. சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் தொங்கிய அட்டையில் ஒரு பெண்ணின் படம், பெயர், கீழே 'நீங்கள் வாங்கும் இந்தக் கூடை இவருடைய வாழ்க்கையை மாற்றுகிறது' என்று ஒரு வரி. விலை 60 டாலருக்கு மேல்.

என் கணவர் கேட்டார்: "இதில் அந்த அம்மாவுக்கு எவ்வளவு போயிருக்கும்? பேசாமல் அந்தப் பணத்தை ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கலாமே?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கவும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஒருவருடைய கஷ்டத்தைக் காட்டித்தானே விற்கிறார்கள்? இந்த முத்திரைகளையெல்லாம் நம்பலாமா? இணையத்தில் செய்பவரிடமே நேரடியாக வாங்குவது நல்லதா?

இன்னொன்று. செப்டம்பரில் புது வீட்டுக்குக் குடிபோகிறோம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதில் இதுபோல் சின்னக் கூடைகள் 40 வாங்கிக் கொடுக்கலாமா?

அன்புடன்,
ஆர்., மிசிசாகா

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்விதான். எவ்வளவு போயிற்று என்பதோடு, எப்போது போயிற்று, அடுத்த முறையும் போகுமா என்று கேட்டால்தான் முழுசாகும். கைவினைப் பொருள் வியாபாரத்தில் யோக்கியமானவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதிதான். அட்டையில் அதை யாரும் அச்சடிப்பதில்லை.

முதலில் உங்கள் சுவரில் இருக்கும் பொருளைப் பார்ப்போம். பனை ஓலைக் கூடை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது அல்ல அது. புல்லைச் சின்னக் கற்றையாகச் சேர்த்து, நடுவிலிருந்து சுருளாகச் சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு சாயமேற்றிய நாரால் ஊசி கொண்டு தைக்க வேண்டும். நார் சிசல் செடியிலிருந்து வருவது. நம் ஊரில் ரயில் கற்றாழை என்போமே, அந்த இனம். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதில்தான் தரம். தையல் தளர்ந்தால் கூடை நெளியும். சுருள் வேலைப்பாடு கோணாமல் வர, ஒவ்வொரு சுற்றிலும் நிறம் மாறும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். வரைபடம் எதுவும் கிடையாது, மனக்கணக்குதான். உங்கள் கூடையின் அளவுக்கு நாள் கணக்கில் உட்கார வேண்டியிருந்திருக்கும், அதுவும் வயல் வேலைக்கும் அடுப்புக்கும் நடுவில்.

ருவாண்டாவில் இதற்குப் பழைய மரபு உண்டு. கூம்பு மூடி போட்ட 'அகசெகெ' கூடை கல்யாணச் சீராகப் போகும். அந்நாட்டு அரசுச் சின்னத்திலேயே கூடை இருக்கிறது. அகலத் தட்டாகச் செய்து சுவரில் மாட்டுவது வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பெரிதாக வளர்ந்த வடிவம். இதைச் சொன்னால் சிலர் 'அப்படியானால் மரபு கெட்டுப்போயிற்றா' என்று வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. தையல் அதேதான், கை அதேதான். வாங்குகிறவர் மாறினால் வடிவம் மாறுவது எல்லாக் கைத்தொழிலிலும் நடந்ததுதான்.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாளில் அந்த நாட்டில் ஹூட்டு இனத் தீவிரவாதிகளால் எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் டுட்ஸி இனத்தவர், கொல்லப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கணவன் கொல்லப்பட்ட பெண்கள் ஒரு பக்கம், கொன்றதாகக் கணவன் சிறையில் கிடக்கிற பெண்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் வீட்டில் பசித்த பிள்ளைகள். பெண்களுக்குச் சொத்தில் வாரிசுரிமை தரும் சட்டம் 1999-ல்தான் வந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை புரியும். உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து நாடு திரும்பிய சகோதரிகள் ஜாய் ந்துங்குட்ஸே, ஜேனட் ந்குபானா இருவரும் 'கஹாயா லிங்க்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கூடை செய்யும் பெண்களைச் சேர்த்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளுக்குக் கூடைகள் போகத் தொடங்கின. சிலராகத் தொடங்கியது ஆயிரக்கணக்கான பெண்களாக வளர்ந்தது. ந்குபானாவுக்கு 2008-ல் ஆப்பிரிக்கத் தலைமைக்கான விருதும் கிடைத்தது.

ஹூட்டு பெண்ணும் டுட்ஸி பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து கூடை தைத்தார்கள் என்பதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. உண்மைதான். ஆனால் அந்தச் செய்திகளில் மேசிஸ் திரும்பத் திரும்ப ஆர்டர் கொடுத்தது ஓரமாகத்தான் வரும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தடவை வாங்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால், அந்தப் பெண்கள் அடுத்த மாதமே அவரவர் வீட்டுக்குள் திரும்பியிருப்பார்கள். அடுத்த லாரி வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், ஒரு ஆடு வாங்கலாம், கூட்டாகச் சீட்டுப் போடலாம். 'உங்கள் கொள்முதல் வாழ்க்கையை மாற்றுகிறது' என்ற வரி எனக்குப் பிடிக்காததும் அதனால்தான். ஒரு கூடை யார் வாழ்க்கையையும் மாற்றாது. அப்படிச் சொல்வது வாங்குகிறவரைக் குஷிப்படுத்த மட்டுமே.

சரி, பணம் எப்போது போகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ருவாண்டாவை விட்டுக் கானாவுக்குப் போகலாம். அங்கே வடகிழக்கு மூலையில் போல்கடாங்கா என்ற ஊர். தோல் கைப்பிடி போட்ட வண்ண வண்ணக் கூடைகள், உங்கள் ஊர்ச் சந்தைகளிலும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடைக்கு வேண்டிய புல் இப்போது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் கிடைப்பதில்லை. நாட்டின் தெற்கிலிருந்து லாரியில் வருகிறது. ஆக, கூடை செய்கிறவர் முதலில் புல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், சாயமும் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு புல்லையும் நெடுக இரண்டாகக் கிழித்து, முறுக்கி, கொதிக்கிற சாயத்தில் போட்டெடுத்து, அப்புறம்தான் பின்னல். மூன்று நாளைக்கு ஒரு முறை சந்தை. கையில் காசில்லாதவர் கடனுக்குப் புல் வாங்குவார், சந்தையன்று மாலைக்குள் விற்றே ஆக வேண்டும். அப்போது விலை சொல்வது வியாபாரி. கூடை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதை மாற்றுவது முன்பணம். உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று 1989 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. குழந்தைத் தொழில் கூடாது, ஆண் பெண் கூலியில் வேறுபாடு கூடாது என்பதெல்லாம் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எனக்குப் பிடித்தது கொஞ்சம் வறட்டு விதி: கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுக்கிறவர், செய்பவர் கேட்டால் குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இதனால் புல்லுக்கான கடன் செய்பவர் தலையில் விழுவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. பாதிப் பணம் கொடுத்தவன் லேசில் ஆர்டரை ரத்து செய்யமாட்டான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பெரிய மேற்கத்திய ஆடை நிறுவனங்கள் பல, தைத்து முடித்த துணிக்கே வங்கதேசத்தில் ஆர்டரை ரத்து செய்தன. தைத்தவர்கள் பலர் கைக்குக் கூலி வரவில்லை. அந்த நிறுவனங்களின் இணையதளங்களில் சமூகப் பொறுப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

முத்திரைகளை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பலாம், ஆனால் எந்த முத்திரை எதைச் சோதிக்கிறது என்று பார்த்து நம்ப வேண்டும். கம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிராக கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்து 1994-ல் தொடங்கிய 'ரக்மார்க்' முத்திரை இன்று 'குட்வீவ்' என்ற பெயரில் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் தறிக்குப் போய்ச் சோதிக்கிறார்கள், ஒவ்வொரு கம்பளத்துக்கும் எண் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில், சின்ன விரல்களால்தான் நுண்ணிய முடிச்சுப் போட முடியும், அதனால் குழந்தைகள் தேவை என்று வியாபாரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக இந்தியக் கம்பளத் தொழிலில் நடந்த ஆய்வு அது வெறும் கதை என்று காட்டியது; மிக நுண்ணிய கம்பளங்களைப் பெரியவர்களும் நெய்கிறார்கள். கம்பளத் தறியில் கொத்தடிமையாக இருந்து தப்பி, அதை எதிர்த்துப் பேசிய பாகிஸ்தான் சிறுவன் இக்பால் மசீஹ் 1995 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 12. இப்படிப்பட்ட பின்னணியில் பிறந்த முத்திரை அது. குழந்தை உழைப்பு, கட்டாய உழைப்பு பற்றி அது சொன்னால் நான் மதிப்பேன். நெய்தவருக்கு நல்ல கூலி கிடைத்ததா என்பதை அதே முத்திரையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்காகப் பிறந்ததல்ல அது.

படம் பற்றிய உங்கள் சங்கடம் எனக்கும் உண்டு. ஒரு மாற்று உதாரணம் சொல்கிறேன். ஹைட்டியில் குவா தே பூக்கே என்ற ஊரில் பழைய எண்ணெய் டிரம்களை வெட்டிச் சுவர் அலங்காரம் செய்கிறார்கள். டிரம்மின் மேல்மூடி கீழ்மூடியை வெட்டியெடுத்து, உள்ளே சருகு போட்டு எரித்துக் கசடு நீக்கி, பக்கவாட்டில் பிளந்து தகடாகத் தட்டி நிமிர்த்தி, சாக்பீஸால் வரைந்து, உளியும் சுத்தியலும் வைத்து வெட்டுவார்கள். அந்த ஊர்க் கொல்லர் ஜார்ஜ் லியோடோ கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை செய்துகொண்டிருந்தவர். 1950-களில் தலைநகரின் கலை மையத்தினர் அவருடைய வேலையைக் கவனித்து வெளியே கொண்டுவந்தார்கள். இன்று அந்த ஊர் வேலைகள் பலவற்றில் செய்தவரின் பெயர் தகட்டிலேயே வெட்டியிருக்கும். ஓவியர் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பெயர் தெரிவது நல்லதுதான். அதோடு அவருடைய துக்கத்தையும் சேர்த்து விற்கும்போதுதான் நமக்கு முகம் சுளிக்கிறது. என்னைக் கேட்டால் அட்டையில் 'இவர் இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறார், இந்த வேலைப்பாடு இவருடையது' என்று இருந்தால் போதும்.

நேரடியாக வாங்குவது பற்றி நீங்கள் எதிர்பார்க்காத பதிலைச் சொல்லப்போகிறேன். நான் இடைத்தரகரின் பக்கம். எல்லாத் தரகரும் அல்ல, நல்ல தரகர். ஒற்றைக் கூடையை ருவாண்டாவின் தலைநகர் கிகாலியிலிருந்து கனடாவுக்கு விமானத்தில் அனுப்பினால் அனுப்பும் செலவு கூடையின் விலையைத் தின்றுவிடும். யாராவது ஒருவர் நூறு பேரிடம் வாங்கிச் சேர்த்து, தரம் பார்த்து, நெளிந்ததை ஒதுக்கி, பெட்டி கட்டி, ஏற்றுமதிக் காகிதம் எழுதி, கிடங்கில் வைத்து, கடைக்குத் தள்ளியாக வேண்டும். வட அமெரிக்காவில் சில்லறைக் கடைக்காரர் மொத்த விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி விற்பது சாதாரண வழக்கம். வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான். ஆகவே உங்கள் 60 டாலரில் பாதி அநேகமாகக் கடையோடு நின்றிருக்கும், மீதியில் கப்பலும் இறக்குமதியாளரும் போகத்தான் கூடை தைத்தவர். இது மோசடி இல்லை. அந்த மிச்சம் அந்த ஊரின் மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் எப்படி, செலவு போகக் கையில் நின்றதா என்பதுதான் விஷயம். இணையத்தில் 'நேரடி' என்று விற்கிறவரும் பல சமயம் தரகர்தான், சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவே.

எட்னா ரூத் பைலர் என்ற, மென்னொனைட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்க அம்மாள் 1946-ல் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனபோது அங்கே பெண்கள் செய்த எம்பிராய்டரித் துணிகளைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு வந்து பென்சில்வேனியாவில் காரில் வைத்து விற்றார். வடஅமெரிக்க நியாய வணிகத்தின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். பிற்காலத்தில் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' கடைகளாக வளர்ந்தது. அவரும் தரகர்தான், விற்காவிட்டால் தன் தலையில் என்று ஏற்றுக்கொண்ட தரகர். அதே பெயரில் உங்கள் கனடாவில் இயங்கிய நிறுவனம் 2020-ல் தன் நேரடிக் கடைகளை மூடியது. நல்ல மனசு கடை வாடகையைக் கட்டாது. பொருள் விற்க வேண்டும். உங்கள் கணவரின் தொண்டு நிறுவன யோசனைக்கும் என் பதில் இதில் இருக்கிறது: நன்கொடை கொடுங்கள், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அது தேவை. ஆனால் கூடை பிடித்திருந்தால் மட்டும் கூடை வாங்குங்கள். பரிதாபத்துக்காக வாங்கியவர் இரண்டாவது முறை வருவதில்லை. அழகாக இருக்கிறது என்று வாங்கியவர் வருவார், கூட நாலு பேரை அழைத்தும் வருவார். நீங்கள் 40 கேட்கிறீர்களே, அதுவே சாட்சி.

அந்த 40-க்கு வருகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒரே நிறம், ஒரே வேலைப்பாடு, ஒரே அளவு என்று கேட்காதீர்கள். கப்பலில் வர மட்டுமே வாரக்கணக்காகும், சின்னக் கூடையும் ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. செப்டம்பருக்கு அவசரப்படுத்தினால் ராத்திரி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு யாரோ தைப்பார்கள். இறக்குமதியாளரின் கிடங்கில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் சொன்னால் மொத்த விலைக்கு ஏற்பாடு செய்யக்கூடும். கேட்கும்போதே 'செய்பவர்களுக்கு முன்பணம் கொடுக்கிறீர்களா, அதே குழுவிடம் எத்தனை வருடமாக வாங்குகிறீர்கள்' என்றும் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் சட்டென்று சொல்வார். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம், வெற்றிலையைக் கழுவிய ஈரத்தோடு அதில் வைக்காதீர்கள். சாயம் இறங்கலாம். துடைத்து வையுங்கள், குங்குமத்தைத் தனிப் பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். புது வீட்டுக்கு என் வாழ்த்துகள்.