பார்டர் தாண்டி ஒரு சனி ஞாயிறு: ஐரோப்பாவுல படிக்கிற புள்ளைங்களுக்கும் வீட்டுல இருக்கிறவங்களுக்கும்

(வாசகர் கேள்வி – செங்கோட்டை அக்கா பதில்)

போன இதழ்ல நான் ஜெர்மனி ஆஹன்ல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்ச கதைய எழுதியிருந்தேன், அதுல லீவு நாள்ல பக்கத்து நாட்டுக்கெல்லாம் போயிட்டு வந்தத ரெண்டே வரியில முடிச்சிட்டேன், வந்த லெட்டர் எல்லாம் அந்த ரெண்டு வரியப் பத்திதான். அதனால இந்த தடவ அது மட்டும்.

என் மவன் ஆஹன்ல படிக்கான். சனி ஞாயிறு ஆனா போதும், ஒரு வாரம் பெல்ஜியம்ங்கான், ஒரு வாரம் நெதர்லாந்துங்கான், போட்டோவா அனுப்புதான். வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வச்சு லோன் போட்டு அனுப்பியிருக்கோம். படிக்கானா சுத்துதானான்னு அவங்க அப்பாவுக்கு ராத்திரி தூக்கமில்ல. நாடு நாடா போறதுக்கு இவனுக்கு காசு ஏது?
– ஒரு அம்மா, புளியரை

அம்மா, முதல்ல அப்பாவ நல்லா தூங்கச் சொல்லுங்க. இதே கேள்விய எங்க அம்மா என்கிட்ட போன்ல அழுதுக்கிட்டே கேட்டிருக்காங்க, அதனால உங்க மனசு எனக்கு நல்லா புரியுது.

நாடுன்னு சொன்னதும் நமக்கு ஏரோப்ளேன்தான் ஞாபகம் வருது. ஆனா ஆஹன் இருக்கிற இடத்த பாருங்க, ஜெர்மனியோட மேக்கு ஓரத்துல நெதர்லாந்தும் பெல்ஜியமும் தொட்டுக்கிட்டு இருக்கிற ஊரு அது. டவுன்ல டவுன் பஸ் ஏறுனா இருபது நிமிஷத்துல வால்ஸ்னு ஒரு ஊரு, அது நெதர்லாந்து. மாஸ்ட்ரிக்ட்டுக்கு முப்பது கிலோமீட்டர்தான், ஐரோப்பிய யூனியன் உண்டாக்குன ஒப்பந்தத்துல 1992 பிப்ரவரி 7-ம் தேதி கையெழுத்து போட்டது அந்த ஊர்லதான், அதுக்கும் பஸ் இருக்கு. லியேஜ் பெல்ஜியத்துல இருக்கு, பாசஞ்சர் மாதிரி நின்னு நின்னு போற ரயில்லயே போயிறலாம். நீங்க புளியரையில இருந்து ஆரியங்காவு கோயிலுக்கு போறீங்கல்லா, செங்கோட்டையில ரயில் ஏறி புனலூர் போயி துணிமணி எடுத்துட்டு சாயங்காலம் திரும்புறீங்கல்லா, அந்த தூரம்தான் அம்மா உங்க மவன் போறது. அங்க அதுக்கு பேரு வெளிநாடு, அவ்வளவுதான்.

காசு விஷயத்த விவரமா சொல்லுறேன், ஏன்னா பயம் அதுலதான் இருக்கு. 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்கு மாசம் 992 யூரோ கணக்குல வருஷத்துக்கு 11,904 யூரோ ஒரு தனி அக்கவுண்ட்ல போட்டு காட்டணும், நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீங்க, அந்த பணம் மாசா மாசம் அந்த அளவுக்குத்தான் வெளிய வரும், வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள. அதுல தாராளமா சுத்த முடியாது. ஆனா ஜெர்மனிக்குள்ள ஒரு மாச பாஸ் இருக்கு, டாய்ச்லாண்ட் டிக்கெட்னு பேரு, 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2025-ல 58 ஆச்சு, 2026-ல 63. அத வச்சு நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெதுவா போற ரயில் எல்லாத்துலயும் போகலாம், வேகமா போற ஐசிஇ மாதிரி ரயில்ல மட்டும் ஏற முடியாது. பல யூனிவர்சிட்டியில மாணவங்களுக்கு இத இன்னும் கம்மி விலையில செமஸ்டர் ஃபீஸோட சேத்தே வாங்கிருவாங்க, அதாவது உங்க மவன் ரூம்ல படுத்துக் கிடந்தாலும் அந்த காசு ஏற்கனவே போயாச்சு. நான் கையில எலுமிச்சம்பழ சாதமும் வறுத்த கிழங்கும் கட்டிக்கிட்டு போவேன், ஒரு காப்பிக்கு மட்டும் காசு, சில வாரம் அதுவும் கிடையாது.

நீங்க கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. "எங்க போன"ன்னு கேக்காம "இந்த செமஸ்டர்ல எத்தன கிரெடிட் முடிச்சிருக்க"ன்னு கேளுங்க. கிரெடிட்ங்கிறது ஒவ்வொரு பாடமும் பாஸாகும்போது கணக்குல சேர்ற புள்ளி. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட்ங்கிறது அங்க கணக்கு. அது சரியா போச்சுன்னா சனிக்கிழமை அவன் எந்த ஊர்ல நின்னாலும் விட்டுருங்க. குறைஞ்சிருந்தா, அதுக்கு காரணம் பயணமா இருக்காம பாடம் புரியாம இருக்கலாம், தனிமையா இருக்கலாம், அத பொறுமையா கேளுங்க. நவம்பர் வந்தா அங்க நாலரை, அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும், அந்த இருட்டுல நாலு சுவத்துக்குள்ள உக்காந்தே இருந்த புள்ளைங்க ஒடிஞ்சு போனத நான் கண்ணால பாத்திருக்கேன் அம்மா. வாரத்துல ஒரு நாள் வெளிய போயி காத்து வாங்கிட்டு வர்ற புள்ள திங்கக்கிழமை நல்லா படிக்கும்.

அக்கா, எனக்கு நெதர்லாந்துல அட்மிஷன் கிடைச்சிருக்கு. ஒரே விசாவுல எத்தன நாட்டுக்கு போகலாம்? பார்டர்ல பேப்பர் பாப்பாங்களா? எங்க சேட்டன் ஒருத்தர் யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்றாரு.
– மாணவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா

தம்பி, வீட்டுல தமிழும் வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளமும் பேசி வளந்தவன் நீ, வேலந்தாவளம் செக்போஸ்ட்ட எத்தன தடவ தாண்டியிருப்ப, அதனால உனக்கு இது சட்டுனு புரியும்.

ஷெங்கன்ங்கிறது லக்சம்பர்க்ல மோசெல் ஆத்தங்கரையில இருக்கிற ஒரு சின்ன கிராமம், திராட்சைத் தோட்டம்தான் சுத்தியும். எதிர்க்கரை ஜெர்மனி, கொஞ்சம் தெக்க போனா ஃப்ரான்ஸ். 1985 ஜூன் 14-ம் தேதி அந்த ஆத்துல ஒரு படகுல உக்காந்து அஞ்சு நாட்டுக்காரங்க கையெழுத்து போட்டாங்க, நமக்கு நடுவுல செக்கிங் வேண்டாம்னு. இன்னைக்கு அதுல 29 நாடு. குரோஷியா 2023-ல சேந்துச்சு, ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் 2025 ஜனவரியில தரைவழி செக்கிங்கும் போயிருச்சு. நான் ஒரு வாரம் அந்த கிராமத்துக்கே போனேன், பெர்ல்னு ஜெர்மனி பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன், இறங்கி பாலத்துல நடந்தா அக்கரை ஷெங்கன். நம்ம பாஸ்போர்ட்ல ஒட்டுற விசா ஸ்டிக்கருக்கு பேரு குடுத்த ஊரு இவ்வளவு அமைதியா இருக்கேன்னு பாலத்து நடுவுல ரொம்ப நேரம் நின்னுட்டேன். லக்சம்பர்க்ல 2020-ல இருந்து நாடு முழுக்க பஸ்ஸு, டிராம், ரயில் ரெண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம், அதையும் மனசுல வச்சுக்கோ.

உனக்கு நெதர்லாந்துல தங்கிப் படிக்க அனுமதி குடுக்கிற கார்டு வந்ததும் மத்த ஷெங்கன் நாட்டுக்கெல்லாம் தனி விசா இல்லாம போகலாம், எந்த 180 நாள எடுத்துக்கிட்டாலும் 90 நாளுக்கு மேல அந்த மத்த நாடுகள்ல இருக்கக் கூடாது, சனி ஞாயிறு போயிட்டு வர்றவனுக்கு அந்த கணக்கு பிரச்சனையே இல்ல. இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதுல சேராது, அதுக்கு தனி விசா, ஃப்ரெண்டு லண்டன்ல இருக்கான்னு டிக்கெட்ட முதல்ல போட்டுறாத. கார்டு இன்னும் கைக்கு வரல, விசாவும் முடிஞ்சிருச்சு, ஒரு ரசீது மட்டும்தான் இருக்குன்னா அந்த நேரத்துல எல்லை தாண்டாத, யூனிவர்சிட்டியில வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேட்டுட்டு மட்டும் போ.

இப்ப உன் சேட்டன் சொன்னதுக்கு வர்றேன். அவர் சொல்றது பாதி சரி, பல தடவ யாரும் கேக்க மாட்டாங்க, ரோட்டுல ஒரு நீல போர்டு வரும், போன்ல நெட்வொர்க் பேரு மாறும், அவ்வளவுதான். ஆனா கேக்குற அன்னைக்கு உன் கையில இருந்தே ஆகணும். பாரிஸ்ல இருந்து நைட் பஸ்ல திரும்பி வர்றேன், விடியக்காலம் பஸ்ஸ ஓரங்கட்டி போலீஸ் ஏறுனாங்க, என்கிட்ட கார்டு இருந்துச்சு, பாஸ்போர்ட்ட தொலைஞ்சிரும்னு பயந்து ரூம்லயே வச்சிட்டு ஜெராக்ஸ் மட்டும் எடுத்துட்டு போயிருந்தேன். என்ன கீழ இறக்கி குளிர்ல நிக்க வச்சு கம்ப்யூட்டர்ல பாத்து முடிக்க முக்கால் மணி நேரம், பஸ்ல இருந்த அத்தன பேரும் எனக்காக காத்து கிடந்தாங்க. தப்பு என்னுதுதான், கார்டும் பாஸ்போர்ட்டும் ரெண்டும் ஒரிஜினலா கையில இருக்கணும்ங்கிறதுதான் சட்டம். அதுக்கப்புறம் நிலைமை இன்னும் இறுக்கமாயிருச்சு, 2024 செப்டம்பர் 16-ல இருந்து ஜெர்மனி தன்னோட எல்லா தரை எல்லையிலயும் செக்கிங் போட்டுச்சு. துணியில ஒரு சின்ன பை தச்சு கழுத்துல போட்டு சட்டைக்குள்ள விட்டுக்கோ, எங்க ஆச்சி சுருக்குப்பைய வச்சிருந்த மாதிரி. மலிவு ஃப்ளைட்ல போனா ஐரோப்பா பாஸ்போர்ட் இல்லாதவங்க செக்யூரிட்டிக்கு முன்னாடி கவுன்ட்டர்ல பேப்பர காட்டி சீல் வாங்கணும்னு சில கம்பெனியில ரூல் இருக்கு, போர்டிங் பாஸ்ல பொடி எழுத்துல இருக்கும், படிச்சுரு.

நான் தனியா போற பொண்ணு, சைவம். முதல் பயணம் எப்படி போடணும் அக்கா? லிஸ்ட் பாத்தா பாரிஸ், ரோம், ப்ராக் எல்லாமே பாக்கணும் போல இருக்கு.
– மாணவி, கம்பம்

தங்கச்சி, பாரிஸ் ஓடிப் போகாது. முதல் மூணு மாசம், காலையில கிளம்பி ராத்திரி உன் கட்டில்லயே வந்து படுக்கிற தூரம் மட்டும் போ. இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன். ஏன்னா அங்க ரயில் நம்ம கைக்கு அடங்க ரெண்டு மூணு தடவ ஏமாறணும், அந்த ஏமாத்தம் வீட்டு பக்கத்துல நடந்தா நல்லது. எனக்கு நடந்தத சொல்லுறேன். ஒரே ரயிலு, நடு ஸ்டேஷன் வந்ததும் ரெண்டா பிரிஞ்சு முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி வேற ஊருக்கும் போகும், பெட்டியில எழுதியிருப்பான், அறிவிப்பும் வரும், அது ஜெர்மன்ல வரும். நான் ஜன்னல் ஓரம் கிடைச்ச சந்தோஷத்துல தப்பான பாதியில உக்காந்து, பேரு கூட வாயில நுழையாத ஒரு ஊர்ல ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கி நின்னேன், திரும்ப முதல் ரயில் காலையில நாலே முக்காலுக்கு. வெயிட்டிங் ரூம பூட்டியிருந்தாங்க. அன்னைக்கு படிச்சதுதான், கிளம்பும்போதே கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு பேப்பர்ல எழுதிக்கணும், அதுக்கு முந்தின ரயில்தான் என்னோட கடைசி ரயில்னு வச்சுக்கணும். லைன்ல வேலை நடந்தா ரயிலுக்கு பதிலா பஸ் விடுவாங்க, அது ஸ்டேஷனுக்கு வெளிய எங்கயாவது நிக்கும், யாரையாவது கேளு, வெக்கப்படாத.

ஞாயித்துக்கிழமை ஜெர்மனியில கடை அடைப்பு, ஸ்டேஷன் கடைகள் மட்டும் திறந்திருக்கும், அதனால சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வச்சுக்கோ. சைவம்னா வெளிய ஃபலாஃபெல் கிடைக்கும், கொண்டைக்கடலைய அரைச்சு பொரிச்ச வடை மாதிரி, எங்க போனாலும் கிடைக்கும், ஆனா வாரா வாரம் அதையே திங்க முடியாது, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் ஊர்ல இருந்து கொண்டு போ. தண்ணி பாட்டில தூக்கிப் போடாத, ப்ளாஸ்டிக் பாட்டில திருப்பிக் குடுத்தா 25 சென்ட் கிடைக்கும். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு விடியக்காலம் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், அந்த ராத்திரி பஸ் புக் பண்ணிருந்தா ரெண்டு தடவ கணக்கு போட்டு பாரு. ப்ராக் போகும்போது அங்க யூரோ கிடையாது கொருனா, ரோட்டுல மாத்தித் தர்றேன்னு கூப்பிட்டா நிக்காத, ஏடிஎம்முக்கு போ.

தனியா போறது பத்தி, ராத்திரி இருட்டுன பிறகு புது ஊர்ல போயி இறங்காத, இது ஒண்ணுதான் என்னோட கட்டாயம். தங்கணும்னா ஹாஸ்டல்ல பொண்ணுங்க மட்டும் தங்குற ரூம் கேளு, பெரும்பாலும் இருக்கும், பூட்டு மட்டும் நீ கொண்டு போ. எந்த ஊர்ல இருக்கேன்னு வீட்டுக்கும் ஒரு வகுப்பு தோழிக்கும் மெசேஜ் போட்டுரு. அப்புறம் பாரிஸ் போகும்போது உனக்கு 26 முடியலன்னா, ஐரோப்பாவுல குடியிருக்கேன்ங்கிறதுக்கு கார்ட காட்டுனா லூவ்ர் மியூசியம் இலவசம், டைம் மட்டும் முன்னாடியே புக் பண்ணிரு.

ரெண்டு வருஷத்துல மொத்தம் எத்தன நாடு பாத்தீங்க? எது பெஸ்ட்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதினொண்ணு அண்ணாச்சி. அதுல ஆறு நாட்ட பத்தி கேட்டா ஒரு சதுக்கமும் ஒரு சர்ச்சும் தவிர ஒண்ணும் சொல்லத் தெரியாது எனக்கு, அவசரம் அவசரமா போனது. மனசுல நிக்கிறது அந்த வால்ஸ்தான், நாப்பது தடவையாவது போயிருப்பேன்.

ஊருக்கு மேல ஒரு குன்னு, 322 மீட்டர், நெதர்லாந்தோட ஐரோப்பா பகுதியில அதுக்கு மேல உசரம் கிடையாது, நம்ம பொதிகை மலைய பாத்து வளந்த கண்ணுக்கு அது ஒரு மேடு. உச்சியில ஒரு கல்லு நட்டிருக்கும், அத சுத்தி நடந்தா நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம்னு மூணு நாட்ட நாலு எட்டுல சுத்திறலாம். ஆனா அங்க ஏறிப் போற ரோட்டுக்கு பேரு "நாலு எல்லை ரோடு". எனக்கு முதல்ல புரியல, மூணுதான இருக்கு. அப்புறம்தான் தெரிஞ்சது, 1816-ல இருந்து 1920 வரைக்கும் அங்க நாலாவதா ஒரு குட்டி தேசம் இருந்திருக்கு, நியூட்ரல் மோரெஸ்னெட்னு பேரு, மூணரை சதுர கிலோமீட்டர்தான். அங்க துத்தநாகச் சுரங்கம் இருந்துச்சு, அது யாருக்குன்னு நெதர்லாந்தும் பிரஷ்யாவும் (அப்ப இருந்த ஒரு ஜெர்மன் ராஜ்யம்) விட்டுக்குடுக்கல, அதனால யாருக்கும் இல்லாம நடுவுல விட்டுட்டாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு அது பெல்ஜியத்துக்கு போயி நூறு வருஷம் தாண்டியாச்சு, ரோட்டுப் பேர மட்டும் யாரும் மாத்தல.

தென்காசியில இருந்து செங்கோட்டை வர்ற வழியில பிரானூர் இருக்குல்லா, திருவிதாங்கூருக்கும் மெட்ராசுக்கும் எல்லை அங்கதான் இருந்துச்சு. 1956 நவம்பர் 1-ம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோட சேந்தப்ப உங்க விளவங்கோடு, கல்குளம் எல்லாம் கூடவே சேந்துச்சு, எல்லை மேக்க புளியரை தாண்டி போயிருச்சு. இன்னைக்கும் அந்த ஸ்டாப் வந்தா கண்டக்டர் "பார்டர் இறங்கு, பார்டர் இறங்கு"ன்னுதான் கூப்பிடுறாரு. அந்த குன்னு மேல அந்த போர்ட படிச்ச அன்னைக்கு ராத்திரி எங்க அப்பாவுக்கு போன் போட்டு இத சொன்னேன், அவர் அதுவரைக்கும் என் பயணத்த பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல, அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசுனாரு, அவங்க தாத்தா அந்த பிரானூர் செக்போஸ்ட்டுல அரிசி மூட்டைக்கு சுங்கம் கட்டுன கதைய எல்லாம் சொன்னாரு.