60 பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்: அடுத்த தொழில் சந்திப்பை எப்படி நடத்துவது?

கோவை கணபதியில் சி.என்.சி. ஜாப் ஒர்க் யூனிட் (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷினில் மற்ற கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறை) நடத்தும் ஒரு வாசகரின் கேள்வி இது. போன வருடம் அவரும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து, சிறு யூனிட்காரர்களையும் பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கலாம் என்று ஹோட்டலில் ஹால் பிடித்து 60 பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "வந்தவங்க அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்ககூடவே நின்னு பேசிட்டு, சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. ஒரு கொட்டேஷன்கூட நகரல. இந்தத் தடவை இன்னும் நல்ல ஹாலா, பெரிய சிறப்பு விருந்தினரா பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். இரண்டுமே வேண்டாம். ஹால் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம், சிறப்பு விருந்தினர் பார்க்கவே வேண்டாத விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கூட்டத்தில் நடந்தது ஒன்றும் அதிசயமில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இன்கிராம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 100 நிர்வாகிகளை ஒரு மாலை விருந்துக்குக் கூப்பிட்டு, யார் யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் எலெக்ட்ரானிக் பேட்ஜை ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டார்கள். புது ஆட்களைச் சந்திக்கத்தான் வந்தோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்தான் அநேகமாக எல்லோரும். ஆனால் பேசிய நேரத்தில் பாதி, ஏற்கெனவே தெரிந்தவர்களிடமே போயிருந்தது, இத்தனைக்கும் அறையில் இருந்தவர்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு பேரைத்தான் அவர்களுக்கு முன்பே தெரியும். படித்து, பழகி, அதற்காகவே வந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், காலை ஆறு மணிக்கு ஷெட்டைத் திறந்து சாயங்காலம் வரை லேத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே ஒதுங்குவதில் என்ன தப்பு?

ஆட்கள் தாங்களாகக் கலக்க மாட்டார்கள், கூட்டம் நடத்துகிற நீங்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அறிமுகம் செய்ய வேண்டும். உங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான், அதுவும் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டிய வேலை.

அழைப்புப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 60 பேர் என்றால் பர்ச்சேஸ் ஆட்கள் 10, 12 பேராவது வேண்டும். டர்னிங், மில்லிங் என்று இரும்பைக் கடைந்தும் செதுக்கியும் தருகிறவர்கள் 30 பேர். மீதி பேர் பவுண்டரி (வார்ப்பு), ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிப் பதப்படுத்துவது), பிளேட்டிங் (முலாம்), கிரைண்டிங் (சாணை) என்று ஒரு உருப்படி கை மாறிப் போகிற வழியில் இருப்பவர்கள். இன்சூரன்ஸ், லோன், சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கெட்டவர்கள் என்பதால் அல்ல, அவர்களுக்கு அறையில் இருக்கும் 58 பேருமே வாடிக்கையாளர்கள், மற்றவர்களைப் பேசவே விட மாட்டார்கள்.

இப்போது அந்த 60 பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே "இவர் யாரைப் பார்த்தால் இவருக்கு வேலை நடக்கும்?" என்று இரண்டு பெயர் எழுதுங்கள். தெரியவில்லையா, போன் போட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் வேண்டாம், அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "உங்க மெஷின் மாசத்துல எவ்வளவு நேரம் சும்மா நிக்குது? எந்த வேலைக்கு ஆள் கிடைக்காம இருக்கீங்க?" இந்த இரண்டு கேள்வி போதும். போட்டியாளர்களை எப்படிச் சேர்த்து வைப்பது என்று தயங்காதீர்கள். கையில் இருக்கும் ஆர்டரை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் திணறுகிற டர்னிங்காரர், மீதி வேலையை இன்னொரு டர்னிங்காரருக்குத்தான் கொடுப்பார். நெருங்கிப் பழகாதவர்கள் வழியாகத்தான் புது வாய்ப்பு வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் மூலம் உத்தியோகம் கிடைத்தவர்களைப் பிடித்து விசாரித்ததில், அடிக்கடி பார்க்கும் ஆள் வழியாகக் கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாக. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும், அவரிடம் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள், இதை நான் பல கூட்டங்களில் செய்து பார்த்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரையும் தன் ஷாப்பில் செய்த ஒரு உருப்படியைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நம்மூர் ஜாப் ஒர்க்காரரிடம் மைக்கைக் கொடுத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பெயரைச் சொல்லிவிட்டு நெளிவார். அதே ஆள் கையில் ஒரு பம்ப் ஷாஃப்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, கீ-வே என்கிற காடி ஓரத்தில் நகத்தை ஓட்டி, "இந்த இடத்துல பிசிர் வராம எடுக்கறதுக்குள்ள உயிரு போயிருச்சுங்க" என்று ஆரம்பிப்பார், பக்கத்தில் இருப்பவர் "டூல் என்ன போட்டீங்க?" என்பார், அவ்வளவுதான், நீங்கள் நகர்ந்துவிடலாம். நீளமான ஒரு மேசை போட்டு உருப்படிகளை எல்லாம் அதில் பரப்பி வையுங்கள். ஒரே எச்சரிக்கை, வாடிக்கையாளரின் புது டிசைனை யாரும் எடுத்து வந்துவிடக் கூடாது. பழைய பீஸ் போதும். ரிஜெக்ட் ஆன பீஸ் என்றால் இன்னும் நல்லது, அதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம் நிற்கும்.

பர்ச்சேஸ் ஆட்களுக்கு வேறு கணக்கு. உள்ளே நுழைந்ததும் முப்பது பேர் விசிட்டிங் கார்டோடு சூழ்ந்துகொண்டால் அடுத்த முறை அந்த மனிதர் வர மாட்டார். அவர்களிடம் "எந்தப் பார்ட்டுக்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறீர்கள்?" என்று முன்பே கேட்டு, ஒரு போர்டில் தேவைகளை மட்டும் கம்பெனி பெயர் இல்லாமல் எழுதி வையுங்கள். என்னால் முடியும் என்கிறவர் உங்களிடம் வரட்டும், நீங்கள் கூட்டிப்போய் விடுங்கள். சிறு யூனிட்களிடம் வாங்கியதற்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றி ஆடிட்டரைப் பேச வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். நியாயமான பேச்சுதான், 2006-லிருந்து சட்டம் இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். ஆனால் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாலையில் அதை எடுத்தால் பர்ச்சேஸ்காரர் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

மேடை கூடாது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை என்று போனால் ஒன்றரை மணி நேரம் காலி, அந்த நேரம் முழுக்க 60 பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒருமுறை சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரம் கூட்டத்தைக் காக்க வைத்து, அவர் வந்து நாற்பது நிமிடம் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பேசிவிட்டுப் போனதும், ஆட்கள் நேரே சாப்பாட்டுக்குத்தான் போனார்கள். நீங்கள் வரவேற்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். நாற்காலி 20 போடுங்கள், வயதானவர்களுக்கும் கால் வலிக்கிறவர்களுக்கும். மற்றவர்கள் நிற்கட்டும். மூன்று, நான்கு பேர் வட்டமாக நிற்பதுதான் சரி, ஐந்தாவது ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாக உடைந்துவிடும், கவனித்துப் பாருங்கள். பேட்ஜில் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதி, கீழே "வேண்டும்:" என்று ஒரு வரி விடுங்கள். "வேண்டும்: 5 கிலோவுக்குக் கீழ் வார்ப்பு தரும் பவுண்டரி" என்று ஒருவர் சட்டையில் எழுதியிருந்தால் பேச்சை எங்கே தொடங்குவது என்று யாரும் முழிக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் பந்தி வேண்டாம், பக்கத்து இலைக்காரரோடு மாட்டிக்கொள்வார்கள். தோசைக் கல் ஒன்று, காளான் மசாலாவுக்கு ஒரு அடுப்பு, சூடாகப் போட்டுத் தரட்டும். தோசைக்காகத் தட்டோடு நிற்கிற மூன்று நிமிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதுபோல வேறெங்கும் பேசிக்கொள்வதில்லை.

கட்டணம் 300 ரூபாய் வாங்குங்கள், முன்கூட்டியே. இலவசம் என்றால் வருகிறேன் என்றவரில் மூன்றில் ஒருவர் வர மாட்டார், இது என் அனுபவக் கணக்கு. தேதியைப் பொறுத்தவரை சனிக்கிழமை சம்பள நாள், விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் வரும் 11, 20 தேதிகளை ஒட்டியும் வேண்டாம், முகூர்த்த நாளும் தீபாவளி போனஸ் நேரமும் சொல்லவே வேண்டாம்.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள், ஒரே வாரத்தில் குட்மார்னிங் படங்களால் நிரம்பிவிடும். வந்தவர்களின் சம்மதத்தோடு பெயர், எண், தேவை மூன்றையும் ஒரு தாளில் போட்டு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து, நீங்கள் சேர்த்துவைத்த ஜோடிகளில் பத்துப் பேருக்காவது போன் போட்டு "அந்த டிராயிங் வந்துச்சுங்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த போனுக்கு அப்புறம்தான் அனுப்புவார்கள்.

கடைசியாக ஹால். உங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள் எதுவென்று பாருங்கள். அன்றைக்குப் பக்கத்து யூனிட்காரர்கள் எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள், மெஷின் ஓடாது, டெலிவரி போன் வராது. உங்கள் நண்பர்களில் பெரிய ஷெட் யாருக்கு இருக்கிறதோ அங்கேயே சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள், பொள்ளாச்சி போகிறவரும் வீடு போய்ச் சேர வேண்டுமே. கரண்ட் வருவதற்குத் தாமதமானால் விளக்குக்கு மட்டும் ஒரு ஜெனரேட்டர் சொல்லி வையுங்கள். மெஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, தரையில் இருக்கிற இரும்புச் சுருளை இரண்டு தடவை கூட்டிவிடுங்கள், பட்டுப்புடவையில் யாராவது வருவார்கள்.