தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு பிரெஞ்சு வாக்கிய அமைப்பு பிடிபடுமா?

தாராளமா. கனடா பி.ஆர்.க்காக, அதாவது அங்க நிரந்தரமா தங்குற உரிமைக்காகப் படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். ஆங்கில விளக்கத்தைப் படிச்சுத்தான் குழம்பியிருப்பீங்க.

தி.நகர்ல ஒரு கோச்சிங் சென்டர்ல சேர்ந்தேன், பேர் வேண்டாம். அங்க எல்லாமே ஆங்கிலம் வழியாத்தான். 'உன்னை', 'அதை', 'அவனுக்கு' மாதிரிச் சொற்கள் பிரெஞ்சுல வினைக்கு முன்னாடி வரும்னு சொல்லிட்டு, "இது தலைகீழா இருக்கும், மனப்பாடம் பண்ணிடுங்க"ன்னாங்க. பக்கத்துல இருந்த ஐ.டி. ஆளுங்க எல்லாம் மண்டையைப் பிச்சிக்கிட்டாங்க. எது தலைகீழ்னு எனக்குப் புரியவே இல்லை. 'ஜ தெம்' எல்லாருக்கும் தெரியும். ஜ – நான், த – உன்னை, எம் – நேசிக்கிறேன். 'ஜ த ல தி': நான் உனக்கு அதைச் சொல்றேன். அப்படியே நம்ம வரிசை! டீக்கடையில நின்னு இதைச் சொன்னதும் நாலு பேர் நோட்டை எடுத்துட்டாங்க.

'ஜ ல லுயி தி'ல 'அதை' முன்னாடி வருதேன்னு கமெண்ட்ல வராதீங்க. 'நான் அதை அவனுக்குச் சொல்றேன்'னும் தமிழ்ல சொல்லலாமே. பெயர்ச்சொல் வந்தா வினைக்குப் பின்னாடி போயிடும்: 'ஜெம் மரி', அதாவது மேரியை நேசிக்கிறேன். 'எனக்கு அதைக் குடு'ன்னு கட்டளை போட்டாலும் 'தோன்-ல-முவா'ன்னு பின்னாடிதான். இந்த ரெண்டுக்கும் தமிழ் உதவாது, மனப்பாடம்தான். நான் பண்டிதன் இல்லை, பி1னு சொல்ற நடுத்தர நிலைத் தேர்வுல தேறினவன், அவ்வளவுதான்.

நம்மாளுங்க நிஜமா தடுமாறுற இடம் எழுவாய். 'பேசறேன்'னாலே யாருன்னு தெரியும், 'நான்' தேவையில்லை. பிரெஞ்சுல 'பேசு'ங்கிற வினை நான், நீ, அவன், அவங்க நாலுக்குமே 'பார்ல்'னுதான் காதுல விழும். எழுத்துல மட்டும் சிலதுக்கு விகுதி மாறும். அதனால கட்டளையைத் தவிர வேற எங்கயும் எழுவாயை விடவே முடியாது. மழை பெய்யுதுன்னு சொல்லக்கூட 'இல் ப்ளு'ன்னு ஆளில்லாத ஒரு 'இல்' வேணும்.

அந்த வகுப்புல ப்ளஸ் டூவுல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவங்க சிலர் இருந்தாங்க. நான் நோட்டு ஓரத்துல தமிழ்ல எழுதினா சிரிப்பாங்க. நூத்துக்குப் பக்கமா மார்க் வாங்கினவங்க, ஒரு காபி கேக்கச் சொன்னா வாய் திறக்கலை. தமிழையும் படிக்காம பிரெஞ்சையும் படிக்காம மார்க்கை மட்டும் வாங்கிக் குடுக்கிற இந்த ஏற்பாட்டை எந்தப் பெற்றோரும் கேள்வி கேக்கிறதில்லை. தமிழ் மீடியம்னா மட்டும் "உனக்கு எதுக்குப்பா பிரெஞ்சு"ன்னு கேக்க வந்துடுவாங்க.