பாட்டைக் கேட்கிறீர்களா, பெட்டியைக் கேட்கிறீர்களா?

கேள்வி: மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நானே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் மூன்று வீட்டில் இருக்கின்றன. 'நீங்கள் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை, பேஸ் (கனத்த ஒலி) வரும் இடத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள், உங்களுக்குப் பெட்டிதான் பிடிக்கும்' என்கிறார் மனைவி. பெட்டியை ரசிப்பது பாட்டை ரசிப்பதைவிட மட்டமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: மட்டமில்லை சார். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. நீங்கள் ரசிப்பது ஒலியை. அதற்கு ஏன் கூச்சம்? தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் கிடக்கும் ஜீவா நூலை மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே என்று நகர்த்தி, ரீங்காரம் சரியாக விழும்வரை ஒருவர் மெனக்கெடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை, வெறும் ஒலிதான், ஆனாலும் அவர் முகத்தில் வருகிற திருப்தியை யாரும் குறைவாகச் சொன்னதில்லை.

எனக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. 4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி போட்ட ஒரு போர்டு, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் பொறுக்கிய ஹீட் சிங்க் (ஐசியின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டு). ஆன் செய்ததும் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஹம்மிங்தான் வந்தது. வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை டிசி ஆக்குகிற டயோடு பிரிட்ஜைத் தாண்டினால் 100 ஆகிவிடும், அந்த முனகல்தான் அது. கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போட்டு, கிரவுண்ட் வயர்களை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்து, இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு சட்டென்று ஹம்மிங் நின்றது பாருங்கள், அன்றைக்கு எனக்குப் பாட்டே தேவைப்படவில்லை. இத்தனைக்கும் ஒரு ஸ்பீக்கருக்கு 6 வாட்ஸ்தான், கொஞ்சம் கூடத் திருகினால் பிசிறடிக்கும்.

இன்னொன்று, பெட்டி வேறு பாட்டு வேறு என்று அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. மைக் இல்லாத நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைவரை கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகுதான் ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் மாதிரி காதோடு பேசுகிற குரல்களுக்கு இடம் கிடைத்தது.

நான் ஒத்துக்கொள்ளாதது ஒன்றுதான், குறை தேடுகிற காது. நல்ல செட்டை வைத்துக்கொண்டு 'இதைவிட நல்ல வயர் போட்டால் இன்னும் துல்லியமாக இருக்குமோ' என்று தவிப்பது ரசனையே இல்லை, அது கவலை, அதுவும் பணம் செலவாகிற கவலை. நம் வயதில் 20,000 ஹெர்ட்ஸ் எல்லாம் கேட்காது சார், மேல்பக்கம் ஏற்கனவே கழன்றுபோயிருக்கும். நீங்கள் அந்த ரகமா என்று தெரிய வேண்டுமா? இன்று சாயங்காலம் பாட்டை உங்கள் மனைவி தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் செட்டுக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். மூன்றாவது நிமிடத்தில் கை குமிழைத் தேடினால் அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைப்பார்களே, பேஸ் உண்மையிலேயே கூடுமா, வெறும் பிரமையா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: கூடும். ஸ்பீக்கரின் கூம்பு ஒரு பக்கம் காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், முதலில் காலியாவது கனத்த ஒலிதான். பானை ஒரு பக்கத்து ஒலியை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பானை சின்னதென்றால் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும், தவிலானாலும் பேஸ் கிடாரானாலும் ஒரே 'கும்'தான். பெரிய பானையாகப் பாருங்கள், வாயோரத்தைப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடையுங்கள். காற்று கசிந்தால் பானை வெறும் ஸ்டாண்டுதான்.